வேலாத்தாள் கொண்டையில் கரிச்சான்

வேலாத்தாளோட கொண்டையில கரிச்சான் கூடு கட்டுனது சித்திரை மாசத்துல ஒரு செவ்வாக்கெழமைங்க, எங்க கிளுவங்காட்டூர்ல சந்தை கூடுறது அன்னிக்குத்தான், அதனால யாருக்கும் நின்னு பாக்க நேரமில்ல. அவ தக்காளிக்கடைக்கும் என்ற டீக்கடைக்கும் நடுவுல நாட்டுக்கோழிக் கூடைய முன்னால வெச்சுட்டுக் குத்தவெச்சிருந்தா. கரிச்சான் பாட்டுக்குப் புல்லைக் கொண்டாந்து வெக்குது, போகுது, வேரைக் கொண்டாந்து வெக்குது, போகுது, என்ற கூரையில இருந்து நூலாம்படையைக்கூட உருவிக் கொண்டுபோய் மெழுகுது, வேலாத்தா ஆடாம அசையாம ரெண்டு சேவலும் ஒரு வெடக்கோழியும் வித்துட்டா.

"ஏம்மிணி, தலையில கூடு கட்டுதே, தெரியுதா?"ன்னு கேட்டேன்.

"தெரியுதுங்க்கா. கூசுது. தலைய ஆட்டுனா விழுந்துருமேன்னு கம்முனு இருக்கேன்."

அவ எப்பவும் அப்படித்தான். வாங்கறவன் வெலையக் கொறைச்சுக் கேட்டாலும் கம்முனு இருப்பா, பஸ்ஸுல காலை மிதிச்சாலும் கம்முனு இருப்பா. அப்பன் ஆத்தா போய்ச் சேந்தாச்சு, வயசு முப்பதை எட்டிப் பாக்குது, முழங்கால் வரைக்கும் முடி. சின்னதுல காய்ச்சல் கண்டப்ப, கல்யாணத்துக்கு முன்னால முடி எறக்கறேன்னு அவ ஆத்தா பழனி முருகனுக்கு நேந்துக்கிட்டாளாம், கல்யாணம் தெகையல, முடியும் எறங்கல, சுத்திக் கட்டுனா சின்னக் கலயமாட்டம் இருக்கும் அந்தக் கொண்டை. கரிச்சானும் நல்ல எடமாத்தான் பாத்திருக்குதுன்னு ஊர்ல பேசிக்கிட்டோம், அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, ஏன்னா அன்னிக்கு வெங்காயம் சல்லிசா வந்திருந்துச்சு.

கரிச்சானைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. எண்ணெய் தடவுன கருப்பு, உள்ளங்கையில அடங்குற உடம்பு, வால் மட்டும் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். ஆனா அது அடைகாக்கற காலத்துல பாக்கணும்! காக்கா வரட்டும், பருந்து வரட்டும், வல்லூறே வரட்டும், தன்னைவிடப் பெருசு எதுவா இருந்தாலும் எல்லைக்குள்ள வந்தா முதுகுல ஏறி ஒக்காந்து கொத்தி ஊரெல்லையைத் தாண்ட வெச்சுட்டுத்தான் திரும்பும். சின்னதுகளை ஏறெடுத்தும் பாக்காது. அதனாலதான் புறாவும் மாங்குயிலும் கொண்டைக்குருவியும் கரிச்சான் கட்டுன மரமாப் பாத்துக் கூடு கட்டும். இங்கயும் அப்படியே ஆச்சு: ஒரே வாரத்துல தவிட்டுப்புறா ஒண்ணு கோழிக்கூடைப் பிடியில முட்டை வெச்சுது, தேன்சிட்டு அவ மஞ்சப்பையில தொங்கட்டான் கூடு கட்டுச்சு, அவ எந்திரிச்சு நடந்தா ஒரு சின்னத் தோப்பே எந்திரிச்சு நடக்கற மாதிரி இருக்கும்.

அடுத்த செவ்வாக்கெழமை பொங்கியண்ணன் வந்தாரு. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரு, ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி, மீசையும் தொப்பையும் ஒண்ணுக்கொண்ணு போட்டி போட்டு வளந்திருக்கும். ஒவ்வொரு கடையிலயும் நின்னு, "என்ன, யாவாரமெல்லாம் எப்படி?"ன்னு கேட்டுக்கிட்டே கூடைக்குள்ள கையை விட்டு நல்லதா ஒண்ணு எடுத்துக்கறது அவரு வழக்கம், குடுக்க மாட்டேன்னு சொல்ல ஒருத்திக்கும் வாய் வராது. வேலாத்தா கூடைக்கு நேராக் குனிஞ்சாரு. அவ்வளவுதான், கருப்பா ஒண்ணு சொய்ங்குன்னு வந்து தலைப்பாகையைக் கவுத்துச்சு, ரெண்டாவது தரம் வந்து காது மடலைக் கொத்துச்சு, மூணாவது தரம் வர்றதுக்குள்ள மனுசன் புளியமரத்தடிக்குப் போயிட்டாரு.

அங்க நின்னு, "யாருடி இதைப் பழக்குனது?"ன்னு சத்தம் போட்டாரு.

"பழக்கலீங்க மாமா, அதுவா வந்துச்சுங்க"ன்னா வேலாத்தா, மெதுவா. அவருக்குக் கேட்கவே இல்ல.

அன்னிக்கே எங்களுக்கெல்லாம் எல்லை எதுன்னு தெரிஞ்சுபோச்சு. அவ ஒக்காந்த எடத்துல இருந்து நாலு கயித்துக்கட்டில் தூரம், அதுக்குள்ள பெரியாளு வந்தாக் கொத்து. தக்காளிக்காரி ஒரு கை சுண்ணாம்புப் பொடி எடுத்தாந்து வட்டம் போட்டா. மறுவாரம் கீரைக்காரி, மொளகாக்காரி, வளையல்காரி, எல்லாரும் வட்டத்துக்குள்ள வந்து நெருக்கியடிச்சு ஒக்காந்துட்டாங்க. நானும் விடுவனா, டீ பாய்லரை உள்ள தள்ளிட்டேன். காலையில தண்ணிக்குப் போறப்ப அவகூடப் போனா ஒருத்தனும் வழி மறிக்க மாட்டான்னு பொண்டு புள்ளைக எல்லாம் அவ கெளம்பற நேரத்துக்குக் கொடத்தைத் தூக்குனாங்க, வீட்டுல சண்டை, ஓரியாட்டம்னா சேலையைச் சொருகிக்கிட்டு அவ வாசலுக்கு ஓடுனாங்க, மூக்காயி புருசன் அவளை அடிக்கத் தொரத்தியாந்து வட்டத்துக்குள்ள காலை வெச்சுத் தலையில தண்டட்டி அளவுக்கு வீங்கி, அதுக்கப்புறம் குடிக்கறதைக்கூடக் கொறைச்சுக்கிட்டான்.

எங்கூர்ல யாரு பெரியாளு, யாரு சின்னாளுன்னு ஒரு அடுக்கு உண்டு, எல்லா ஊர்லயும் இருக்கறதுதான். யாரு கட்டில்ல ஒக்காரலாம், யாரு தரையில ஒக்காரணும்னு கைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். கரிச்சான் அதையெல்லாம் கேட்டுக்கல. அது தன்பாட்டுக்கு வேற அடுக்கு போட்டுச்சு. ஒசரமா, நெஞ்சை நிமித்திக்கிட்டு, தலையைத் தூக்கிக்கிட்டு வந்தாப் பெருசு, மத்ததெல்லாம் சின்னது. மிராசு வீட்டு மருமகன் குட்டையா இருந்ததால நேரா உள்ள வந்து, கொத்து விழாததுக்கு அவமானப்பட்டு அழுகாத கொறையாத் திரும்பிப் போனாரு. தாசில்தாரு ஒல்லிப்பிச்சான், வட்டத்துக்குள்ள வந்து டீ குடிச்சுட்டு, இவ்வளவு நிம்மதியா டீ குடிச்சு வருசமாச்சுன்னாரு. ஊர்ல சில பேரு கரிச்சானுக்கு நல்லவன் கெட்டவன் தெரியுதுன்னு கற்பூரம் காட்ட ஆரம்பிச்சாங்க. அதெல்லாம் சும்மாங்க. அதுக்குத் தெரிஞ்சது பெருசு, சின்னது, அவ்வளவுதான். அதுலதான் வேலாத்தாளுக்கு வெனையே வந்துச்சு.

ஏன்னா நாச்சிமுத்து ஆறே கால் அடி.

நாச்சிமுத்து போர்க்கெணறு போடுற லாரியில டிரைவரு. வருசத்துல முக்காவாசி வடக்க எங்கியோ போர் போட்டுக்கிட்டு இருப்பான், அங்க மழை புடிச்சா ஆனியில ஊருக்கு வருவான், ஆவணி கடைசியில மறுபடி கெளம்பிருவான். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ள எறும்பு மேல கால் படாமப் பாத்து நடக்கற மனசு. அவன் ஆத்தா தெய்வாத்தா சிட்டுக்குருவியாட்டம் இருப்பா. இவ எப்படி இதைப் பெத்தான்னு நாங்க சிரிப்போம். போன வருசம் சந்தையில ஒரு கோழியை வாங்கி, மறுவாரம் அதையே கொண்டாந்து, "ஏனுங்க, இதை அறுக்க மனசு வரல, நீங்களே வெச்சுக்கங்க"ன்னு வேலாத்தாகிட்டக் குடுத்துட்டுப் போனான். அவ அந்தக் கோழியை விக்கவே இல்ல. அப்பப் புடிச்ச பிரியம்.

இந்த வருசம் கேட்டுருவோம்னுதான் வந்தான் பாவம். வெள்ளை வேட்டி கட்டி, தலைவாரி, சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள ஒரு காலை வெச்சான். கெரகம்! கரிச்சான் அவன் நெத்தியிலயே போட்டுச்சு. வேலாத்தா எந்திரிச்சு நின்னு, "வேணாம், வேணாம், அவரை விட்டுரு"ன்னு கையை ஆட்டுறா, அவ கையை ஆட்டக் கூடு ஆடுது, கூடு ஆட அதுக்கு இன்னும் கோவம் வருது. அன்னியில இருந்து அவன் கோட்டுக்கு வெளிய, அவ உள்ள. தெய்வாத்தாதான் நடுவுல அங்கயும் இங்கயும் ஓடி ஓடிச் சேதி சொல்லுவா. "சோறு உண்டாச்சான்னு கேக்கறான்டி." "உண்டாச்சுன்னு சொல்லுங்கத்தே. அவிய நெத்திக்கு மஞ்சப் பத்து போட்டாங்களான்னு கேளுங்க." இப்படியே ஒரு கல்யாணப் பேச்சு முடிஞ்சதுங்க, ஆவணி மொத முகூர்த்தம்னு.

ஆனா தாலி கட்டணுமே? அதை எட்டி நின்னா கட்ட முடியும்? கழுத்துக்கு மேலதான கூடு. குஞ்சு பறந்துட்டா ஆச்சுன்னு இருந்தோம். மொத ஈட்டுக் குஞ்சுக பறந்துச்சு, மறுநாளே ரெண்டாவது ஈடு முட்டை வெச்சுது. கரிச்சான் சமயத்துல அப்படி வெக்கும்தான்.

கோயமுத்தூர் காலேஜ்ல இருந்து மீனலோசனின்னு ஒரு அம்மா வந்தது அப்பத்தான். பறவை படிக்கறவங்க, கண்ணுல பைனாகுலர், நல்ல குள்ளம், அதனால ஜம்முன்னு வட்டத்துக்குள்ள வந்து ஒக்காந்தாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுல இதே கொணத்தோட வேற ஒரு குருவி இருக்குதாம், ராஜாக்குருவின்னு பேராம், பருந்தையே தொரத்துமாம், உச்சந்தலையில செவப்பா ஒரு இறகுக்கத்தையை ஒளிச்சு வெச்சிருந்து கோவம் வந்தா மட்டும் காட்டுமாம். ஆனா கரிச்சானுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல, வேற வேற குடும்பமாம்.

"அந்த ராஜாக்குருவி அங்க பொம்பளைக கொண்டையில கட்டுமுங்களா?"ன்னு கேட்டா வேலாத்தா.

"இல்லீங்கம்மா, மரத்துலதான் கட்டும்."

"பாவம்"னா இவ. அந்தம்மா சிரிச்சுட்டு, கூடு இருக்கற மரம்னு எழுதற எடத்துல வேலாத்தாள்னு எழுதிக்கிட்டாங்க. அடுத்த வருசமும் அதே கவட்டைக்குத்தான் வரும்னும் சொல்லிட்டுப் போனாங்க. அதைக் கேட்டு ஊரே சந்தோசப்பட்டுது, வேலாத்தா மட்டும் மொகத்தைத் திருப்பிக்கிட்டா.

ஆடிப் பதினெட்டு கழிஞ்சதும் ரெண்டாவது ஈடும் பறந்துச்சு. விடியறதுக்கு முன்னால அவ மஞ்சச்சேலை கட்டிப் பழனி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டா, மொட்டை போட்டாக் கொண்டையுமில்ல, கூடுமில்லன்னு. நானும் தொணைக்குப் போனேன். பஸ்ஸுல ஏறுனது ஏறுனபடி இருக்க, பின்னாலயே பறந்து வந்த கரிச்சான் ஜன்னல் வழியா உள்ள வந்து கூட்டுல ஒக்காந்துச்சு. பாதி வழி தாண்டறதுக்குள்ள நான் எக்கிப் பாக்கறேன், வெள்ளையில செம்புள்ளி போட்டு ஒரு முட்டை. முட்டை இருக்கற மரத்தை எவளாவது வெட்டுவாளா? எறங்கி எதிர் பஸ்ஸுல வந்துட்டோம். வழியெல்லாம் அவ கண்ணுல தண்ணி ஓடுது, முந்தானையில தொடைக்கறதுக்குக்கூடத் தலையைக் குனிய மாட்டேங்கறா. "முருகன் கோவிச்சுக்குவானேடி"ன்னேன். "மயிலும் சேவலும் வெச்சிருக்கறவன்தானுங்க்கா, பொறுத்துக்குவான்"னா மூக்கை உறிஞ்சிக்கிட்டே. "நாச்சிமுத்து மாமாதான் போயிருவாங்க."

ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? மேளம் அடிச்சுது. மூணாவது ஈடு! வளையல்காரி அவ கையைப் புடிச்சுக்கிட்டு, "தங்கம், நீ எங்களுக்கெல்லாம் மரமாட்டம், மரம் எடத்தை விட்டுப் போலாமா? கல்யாணம் இப்ப எதுக்கு, பாத்துக்கலாம்"னா.

வேலாத்தா அவளை நிமிந்து பாத்தா. "அரசமரத்துக்கும் வேப்பமரத்துக்குமே தாலி கட்டிக் கல்யாணம் பண்ணி வெக்கற ஊருங்க்கா இது. எனக்கு மட்டும் ஏன் வேணாங்கறீங்க?"

அவ்வளவு பெரிய பேச்சு அவ வாயில வந்து நாங்க கேட்டதே இல்ல. வளையல்காரி புடிச்சிருந்த கையை விட்டுட்டா.

பொங்கியண்ணன் வேற சேதி அனுப்புனாரு. அவருதான் நாச்சிமுத்துக்குப் பெரியப்பன், தகப்பன் இல்லாத பையனுக்கு முன்ன நின்னு பண்ணி வெக்கற பெரியவரு. "எங்க குடும்பத்துல தாலி கட்டறவன் நெஞ்சை நிமித்திக் கட்டுவான். கூட்டைப் பிச்சுப் போட்டுட்டு வந்தாக் கட்டட்டும், இல்லாட்டி வேற பொண்ணு பாக்கறேன், பையன் லாரியேறுறதுக்குள்ள முடிக்கறேன். நான் அரிசி போடாம அது கல்யாணமும் இல்ல"ன்னுட்டாரு. அதுலயும் நாயம் இருக்குதுங்க. எங்க பக்கம் பெரியவங்க மஞ்சரிசி, அதான் அட்சதை, போட்டாத்தான் கல்யாணம் செல்லும், இல்லாட்டி நாளைக்கு நாலு பேரு நாக்குல நிக்கும்.

நாச்சிமுத்து என்ற கடைக்கு வெளிய, கோட்டுக்கு அந்தப் பக்கம், டீயைக் கையில வெச்சுக்கிட்டுக் குடிக்காம நின்னான். எதுத்தாப்புல கொறங்காடு, மேய்ச்சலுக்குன்னு விட்ட நெலம். ஆடிச்சாரல்ல கொழுக்கட்டைப்புல்லு தளதளன்னு நிக்குது, யாரோ வீட்டு எருமை மேஞ்சுக்கிட்டே கோட்டைத் தாண்டி உள்ள வருது. கரிச்சான் கூட்டுல இருந்து எந்திரிச்சுப் போச்சு. போய், எருமை முதுகுல சொகுசா ஒக்காந்துச்சு. எருமை ஒரு அடி வெச்சா நாலு வெட்டுக்கிளி துள்ளுது, இது புடிச்சு முழுங்குது, மறுபடி வந்து ஒக்காருது.

"யக்கா, எருமை என்னைவிடப் பெருசுதானுங்க?"ன்னான்.

"பெருசுதான். ஆனா அது தலையைத் தொங்கப்போட்டுப் புல்லுல மேயுது. கரிச்சானுக்கு அது எதிராளி இல்ல, வாகனம்"னேன், விளையாட்டுக்கு.

டீ கிளாசைக் கீழ வெச்சான். "எங்காத்தாவைக் கூப்புடுங்க, சேதி சொல்லணும்"னான்.

தெய்வாத்தா ஓடிப்போய்ச் சொல்ல, வேலாத்தா பதறி, "வேணாமுங்கத்தே, அவியளை ஊரு பாத்துச் சிரிக்கும்"னு சொல்லி அனுப்ப, தெய்வாத்தா ஓடியாந்து சொல்ல, அவன், "ஊரு ஒரு நாளைக்குச் சிரிக்கும், மறுநாளு வேற எதையாச்சும் பாத்துச் சிரிக்கும். எனக்கு இவிய இல்லாட்டி வருசம் பூராம் சிரிப்பு வராது"ன்னு சொல்ல, தெய்வாத்தா அதைக் கொண்டுபோய்ச் சொன்னப்ப வேலாத்தா முட்டை ஆடாமச் சிரிச்சா.

ஆவணி மொத முகூர்த்தத்துக்குக் கொறங்காட்டுலயே பந்தல் போட்டு, புதுசாச் சுண்ணாம்பு வட்டமும் போட்டோம். பெரியாளுக எல்லாம் கோட்டுக்கு வெளிய கட்டில் போட்டு ஒக்காந்தாங்க, நடுவுல பொங்கியண்ணன், மொகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டு. உள்ள மணப்பலகையில வேலாத்தா, அரக்குச் சேலை, கழுத்துல மாலை, கொண்டையில குஞ்சுக மூணு வாயைப் பொளந்துக்கிட்டு. மேளம் கொட்டுச்சு. நாச்சிமுத்து பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுனான், தாலியைப் பல்லுல கவ்வுனான், குனிஞ்சான், ரெண்டு கையையும் தரையில ஊனுனான்.

சிரிச்சாங்க, சிரிக்காம இருப்பாங்களா. அவ்வளவு பெரிய ஆளு நாலு கால்ல வர்றான், முழங்காலுக்கு முழங்கால் புல்லு சரியுது, பச்சையும் தவிட்டு நெறமுமா வெட்டுக்கிளி சடசடன்னு தெறிக்குது. கரிச்சான் எந்திரிச்சுச்சு. சிரிப்பு நின்னுபோச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாக்கறேன், அவன் முதுகுல ஒக்காந்திருக்குது! ஒரு வெட்டுக்கிளியைப் புடிக்குது, குஞ்சுக்கு ஊட்டுது, மறுபடி வந்து அவன் முதுகுல ஒக்காருது. அப்படியே அதைச் சொமந்துக்கிட்டு மணப்பலகை வரைக்கும் வந்து, முழங்கால் போட்டு, தலையைக் குனிஞ்சபடியே அவ கழுத்துல தாலியை வெச்சு மொத முடிச்சைப் போட்டான். மீதி முடிச்சைத் தெய்வாத்தாவே போட்டா, நாத்தனார் இல்லாத வீடு. கெட்டிமேளத்துல ஊரே கொலவை போட்டுச்சு, என்ற கன்னத்துல தண்ணி ஓடுறது எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.

அரிசி போடணும். நாங்க சின்னவங்க எல்லாம் நின்னு போட்டுட்டோம். கீரைக்காரி போட்டா, மூக்காயி போட்டா, வளையல்காரி அழுதுக்கிட்டே போட்டா. அப்பறம் எல்லாரும் கட்டில் பக்கம் திரும்பினோம். நாச்சிமுத்து முழங்கால்லயே இருந்தான், பெரியப்பனைப் பாத்துக்கிட்டு.

பொங்கியண்ணன் கையில மஞ்சரிசி இருந்துச்சு. கோட்டுக்கு வெளிய இருந்து ஒருதரம் வீசிப் பாத்தாரு, பாதி தூரத்துல புல்லுலயே விழுந்துச்சு. மீசையைத் தடவுனாரு. தம்பி மவன் மொகத்தைப் பாத்தாரு. அப்பறம், சத்தியமாச் சொல்றேன், தலைப்பாகையைக் கழட்டிக் கட்டில்ல வெச்சாரு, முனகிக்கிட்டே முழங்கால் போட்டாரு, அரிசியை வாயில அடக்கிக்கிட்டு ரெண்டு கையையும் புல்லுல ஊனுனாரு. அவரு எறங்குனதைப் பாத்து மிராசுதாரு எறங்குனாரு, பஸ் மொதலாளி எறங்குனாரு, பஞ்சாயத்துத் தலைவரு எறங்குனாரு, எங்கூருப் பெரியாளுக ஒருத்தர் பாக்கியில்லாமப் பட்டு வேட்டியோட புல்லுல வரிசையா மேஞ்சுக்கிட்டு வர, வெட்டுக்கிளி ஆயிரமாத் தெறிக்க, கரிச்சான் ஒவ்வொரு முதுகா மாறி மாறி ஒக்காந்து வயிறு முட்டத் தின்னுச்சு.

மணப்பலகையில வேலாத்தா பொங்கியண்ணனைப் பாத்து எந்திரிச்சு நின்னா. எனக்குத் தெரிஞ்ச காலத்துல சந்தை முழுக்கக் கேக்கற மாதிரி அவ கொரலெடுத்தது அன்னிக்குத்தான்.

"மெதுவா வாங்க மாமா. ஒண்ணும் அவசரமில்லீங்க."